விஞ்ஞானி எழுதினார், வியாபாரி படித்தான்!

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு ரசாயனப் பொருள், மனிதர்களைக் கொன்றது.

அந்தப் பொருளை ஆராய்ந்த பேராசிரியர் அதை யாருக்கும் விற்கவில்லை. யாரையும் சாப்பிடச் சொல்லவும் இல்லை. ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவுதான்!

அவர் பெயர் டேவிட் நிக்கோல்ஸ். அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். மூளையில் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வது அவருடைய தொழில். கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடியவர்களில் அவரும் ஒருவர்.

2011-ம் ஆண்டு ஜனவரி மாதம் "நேச்சர்" என்ற புகழ்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அவர் தம் மனக்குறையை வெளியிட்டார். நோய்க்கு மருந்து காண்பதற்காகத் தாம் எழுதிய கட்டுரைகளைப் போதை வியாபாரிகள் வரி விடாமல் படிக்கிறார்கள். படித்துவிட்டுச் சரக்கு தயார் செய்கிறார்கள். அதைத் தின்று மனிதர்கள் சாகிறார்கள் என்று அவர் எழுதினார்.

விஞ்ஞானிகள் பெரும்பாலும் தங்கள் வெற்றியைத்தான் எழுதுவார்கள். தங்கள் வேதனையை எழுதுவது அபூர்வம். அதனால் அந்தக் கட்டுரை பல நாடுகளில் பேசப்பட்டது.

அப்படி அவர் ஆராய்ந்தது என்ன?

வாயில் நுழையாத பெயர்

அந்தப் பொருள்களுக்கு "பெனெதிலமைன்கள்" என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையவில்லை. பொருள் நமக்குப் புதியது அல்ல. சாக்லெட்டில் இது சிறிதளவு இருக்கிறது. மனித உடலிலும் இருக்கிறது. இருட்டில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? அப்போது இரத்தத்தில் பாயும் "அட்ரினலின்" இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதன் அமைப்பு எளிது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அதுதான் தலை. தலையில் இருந்து ஒரு சிறிய வால். வாலில் இரண்டு கார்பன் அணுக்கள். வால் நுனியில் ஒரு நைட்ரஜன் அணு.

அந்த வளையத்தின் மூலைகளில் வேறு அணுக்களை ஒட்டினால் பொருளின் குணமே மாறிவிடுகிறது. ஒன்று மருந்தாகிறது. இன்னொன்று விஷமாகிறது. மற்றொன்று இல்லாததை இருப்பது போலக் காட்டும் மனமயக்கப் பொருள் ஆகிறது.

எப்படி மயக்குகிறது? மூளையில் "செரோட்டோனின்" என்று ஒரு பொருள் சுரக்கிறது. மூளையின் அணுக்களில் அதற்கென்று பூட்டுகள் இருக்கின்றன. செரோட்டோனின்தான் சரியான சாவி. பெனெதிலமைன் குடும்பத்தில் சில, கள்ளச் சாவி போல அந்தப் பூட்டுக்குள் நுழைந்து திருப்பிவிடுகின்றன. அப்போது சுவர் அசைவது போல் தெரியும். கண்ணை மூடினால் வர்ணங்கள் ஓடும். சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குக் கிலி பிடிக்கும்.

கள்ளச் சாவி அந்த ஒரு பூட்டோடு நிற்பதும் இல்லை. இருதயம், இரத்தக் குழாய் எங்கும் கை வைக்கும். ஆபத்து அங்கேதான்.

முள் இல்லாத கள்ளி

இந்த மயக்கப் பொருள்களுக்கு மூதாதை ஒரு கள்ளிச் செடி. மெக்சிகோவின் வட பகுதியிலும், அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தின் தெற்கிலும் பாலைவனத்தில் அது வளர்கிறது. "பெயோட்டி" என்று பெயர். நம் ஊர் சப்பாத்திக்கள்ளி போல முள் கிடையாது. சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், தரையோடு தரையாக ஒரு சிறிய உருண்டை. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை அறிவார்கள். டெக்சாஸ் குகை ஒன்றில் கிடைத்த பெயோட்டித் துண்டுகள் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவர்கள் அதை வேடிக்கைக்காகத் தின்பது இல்லை. இரவு முழுவதும் விழித்து, பாடி, பிரார்த்தனை செய்யும் சடங்கில் பெரியவர்களின் கண்காணிப்பில் உண்பார்கள். இந்த வழிபாட்டு உரிமையை 1994-ல் அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்து ஒப்புக்கொண்டது.

அந்தக் கள்ளியில் மயக்கும் சத்து எது? அதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஆர்தர் ஹெப்டர். கள்ளியில் இருந்து பல சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்தார். எது வேலை செய்கிறது என்று தெரியவில்லை. யாரிடம் சோதிப்பது? தாமே ஒவ்வொன்றாக உண்டு பார்த்துவிட்டார்! 1897-ல் ஒரு நாள், ஒரு சத்தைச் சாப்பிட்டதும் தலைவலியும் குமட்டலும் வந்தன. பிறகு கண்முன்னே அழகிய கம்பளங்களும் கட்டடங்களும் தோன்றின. அதுதான் "மெஸ்கலின்".

1919-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஸ்பேத் என்பவர், கள்ளியே இல்லாமல் மெஸ்கலினைச் சோதனைக் கூடத்தில் செய்து காட்டினார். அது ஒரு பெனெதிலமைன் என்பது அப்போது தெரிந்துவிட்டது. இனிப் பாலைவனத்துக்குப் போக வேண்டியது இல்லை. வளையத்தில் இதை எடுத்து அதை ஒட்டினால் புதிது புதிதாகச் செய்யலாம்.

ஆனால் பல ஆண்டுகள் வரை யாரும் பெரிய அளவில் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்தவர் ஒரு விசித்திர மனிதர்.

சர்க்கரை தந்த தூக்கம்

அலெக்சாண்டர் ஷுல்கின் 1925-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இரண்டாவது உலகப் போரில் கடற்படையில் இருந்தார். அப்போது கட்டைவிரலில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. நர்ஸ் ஒரு டம்ளர் ஆரஞ்சு ரசம் கொடுத்தார். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ கரையாமல் கிடந்தது. "ஓகோ, மயக்க மருந்து கலந்திருக்கிறார்கள்" என்று ஷுல்கின் நினைத்தார். குடித்தார். தூங்கியே போனார்!

பிறகுதான் தெரிந்தது, அது வெறும் சர்க்கரை.

மனம் நினைத்தால் சர்க்கரைகூட மனிதனைத் தூங்க வைக்குமா? அந்த ஆச்சரியம் அவரை விட்டுப் போகவே இல்லை. ரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். "டவ் கெமிக்கல்" என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு பூச்சி மருந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். கம்பெனிக்கு நல்ல லாபம். "இனி நீங்கள் விரும்பியதை ஆராயலாம்" என்று விட்டுவிட்டார்கள். அவர் விரும்பியதோ மனமயக்கப் பொருள்கள்! கம்பெனிக்கு இது சங்கடமாகப் போயிற்று. 1966-ல் வெளியேறினார்.

கலிபோர்னியாவில் லாபாயெட் என்ற ஊரில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கொட்டகை. அதுவே சோதனைக் கூடம். அங்கே இருந்துதான் இந்தக் குடும்பத்தின் முக்கியமான பிள்ளைகள் பிறந்தன. வாலில் 2 கார்பன் இருப்பதால் அவற்றுக்கு "2சி" என்று பெயர் வைத்தார். புரோமின் ஒட்டினால் 2சி-பி. அயோடின் ஒட்டினால் 2சி-ஐ. 2சி-பி பிறந்தது 1974-ல்.

ஒவ்வொன்றையும் கடுகிலும் சிறிய அளவில் தாமே முதலில் உண்பார். ஒன்றும் தெரியாவிட்டால் சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுவார். சரி என்று பட்டால் மனைவிக்கும் சில நண்பர்களுக்கும் கொடுத்துக் குறிப்பு எழுதுவார். துணிச்சல் என்பதா, விபரீதம் என்பதா? இன்றைய ஆராய்ச்சி விதிகளின்படி இதை யாரும் செய்ய முடியாது.

1967-ல் வந்த எச்சரிக்கை

ஷுல்கின் 1963-ல் செய்த "டாம்" என்ற பொருள் 1967 கோடைக் காலத்தில் சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் மாத்திரையாக வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தலைமுடி வளர்த்துத் திரிந்த இளைஞர் கூட்டம் அந்த நகரில் நிறைந்திருந்தது. மாத்திரையை விழுங்கினார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. "சரக்கு சரியில்லை" என்று இன்னொன்றைப் போட்டார்கள்.

டாம் மெல்லத்தான் வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு மாத்திரையும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் கூச்சல், பயம், ஓட்டம்! ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் தூக்கிச் செல்லப்பட்டார்கள். மயக்கம் மணிக்கணக்கில் தெளியவில்லை.

ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது தெருவுக்கு வர 4 ஆண்டுகள்தான் ஆயின. இந்தப் பாடத்தை அன்றே படித்திருக்கலாம்.

ஷுல்கின் வேறு முடிவுக்கு வந்தார். 1991-ல் மனைவியுடன் சேர்ந்து ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். "பிகால்" என்பது அதன் பெயர். முதல் பாதி கதை. இரண்டாம் பாதியில் 179 பொருள்களின் செய்முறை! தாம் இறந்தபின் தம் குறிப்புகள் அழிந்துவிடக் கூடாது என்பது அவர் வாதம்.

போதைத் தடுப்பு அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 1994-ல் அவர் வீட்டையும் கொட்டகையையும் சோதனை போட்டார்கள். 25 ஆயிரம் டாலர் அபராதம். கையில் இருந்த ஆராய்ச்சி லைசென்சும் போயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் 2சி-பி தடை செய்யப்பட்டது. ஷுல்கின் 2014-ல், 88 வயதில் காலமானார்.

தாம் எழுதியதை யார் படிப்பார்கள் என்று ஷுல்கினுக்குத் தெரியும். தெரிந்தே எழுதினார். நிக்கோல்ஸ் கதை அப்படி அல்ல.

எலி சொன்னதும், மனிதன் கேட்டதும்

நிக்கோல்ஸ் இருந்த ஊருக்கும் மேற்கு லாபாயெட் என்றுதான் பெயர். ஆனால் அது வேறு மாகாணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 3 ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும். அவர் கொட்டகையில் வேலை செய்தவர் அல்ல. பல்கலைக்கழகக் கூடம், மாணவர்கள், எலிகள், சர்க்கார் பண உதவி என்று முறையாக நடத்தியவர்.

1990-களில் அவர் கூடத்தில் "எம்.டி.ஏ." என்ற பொருளை ஆராய்ந்தார்கள். இதுவும் பெனெதிலமைன் பரம்பரைதான். மூளையில் செரோட்டோனினை அது பெருகச் செய்தது. ஏற்கெனவே "எக்ஸ்டசி" என்ற போதை மாத்திரையை அடையாளம் காணப் பழக்கப்பட்ட எலிகள், எம்.டி.ஏ.வையும் எக்ஸ்டசி போலவே எடுத்துக்கொண்டன. இதை நிக்கோல்ஸ் குழு கட்டுரையாக வெளியிட்டது. மனிதன் உடலில் அது என்ன செய்யும் என்று யாரும் சோதித்தது இல்லை.

படித்தவர்களில் ஒருவனுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. "எலிக்கு எக்ஸ்டசி போல இருக்கிறதா? அப்படியானால் மனிதனுக்கும் இருக்கும்!" ஐரோப்பாவில் மாத்திரை தயாராகிவிட்டது. அதற்குச் சந்தையில் வைத்த பெயர் "பிளாட்லைனர்". ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேர்கோடு ஆகிவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். அந்த நேர்கோடுதான் மாத்திரையின் பெயர்! விற்றவனுக்கு விளையாட்டு.

2002-க்குள் 6 பேர் அதனால் மாண்டதாகத் தெரிய வந்தது.

செய்தி கேட்டுப் பேராசிரியர் திடுக்கிட்டார். "இதை நான் வெளியிட்டது இதற்காகவா?" என்ற கேள்வி அவரை வாட்டியது. ஆனாலும் வெளியிடாமல் இருக்க முடியுமா? ஒருவர் கண்டதை மற்றவர் படித்தால்தான் விஞ்ஞானம் வளரும். பூட்டின் அமைப்பை அறியச் சாவிகள் வேண்டும். அந்த அறிவு இல்லாமல் பைத்தியத்துக்கும் மனச்சோர்வுக்கும் புது மருந்து வராது. இதற்கு விடை அவரிடமும் இல்லை. இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

அவர் இன்னொரு பயத்தையும் சொன்னார். உடனே கொல்லும் பொருளாவது சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். மெல்ல மெல்ல உறுப்புகளைக் கெடுக்கும் பொருள் ஒன்று லட்சக்கணக்கான பேரிடம் பரவிவிட்டால் என்ன ஆகும்?

தட்டான் பூச்சி

அவர் கூடத்தில் 1998-ல் உருவான இன்னொரு பொருளுக்கு "புரோமோ டிராகன்பிளை" என்று பெயர். டிராகன்பிளை என்றால் தட்டான் பூச்சி. அந்தப் பொருளின் அமைப்பைக் காகிதத்தில் வரைந்தால் இருபுறமும் சிறகு விரித்த தட்டான் போலவே இருக்கும். குழந்தைகள் பார்த்தால் ரசிப்பார்கள்.

அதன் வேலை பயங்கரமானது. மயக்கம் நாள் கணக்கில் நீடிக்கலாம். இரத்தக் குழாய்களை நெரித்துவிடும். ஸ்வீடன் நாட்டில் அதை உண்ட ஒருவருக்கு இரத்த ஓட்டம் நின்று, விரல்களை வெட்டி எடுக்க நேர்ந்தது.

2011 மே மாதம் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தின் கொனாவா என்ற சிற்றூரில் சில வாலிபர்கள் இணையம் மூலம் வந்த ஒரு தூளை உண்டார்கள். 2சி-இ என்று நினைத்துத்தான் உண்டார்கள். வந்திருந்ததோ தட்டான்! பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இருவர் பிழைக்கவில்லை.

அது உண்மையிலேயே 2சி-இ ஆக இருந்தால் தப்பியிருப்பார்களா? அதே ஆண்டு மார்ச் மாதம் மினசோட்டா மாகாணத்தில் பிளேன் என்ற ஊரில் ஒரு வீட்டில் விருந்து. 2சி-இ தூளை உட்கொண்ட 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 19 வயது வாலிபர் ஒருவர் பிணமானார். தூளை வாங்கி வந்தவனும் அவர்களைப் போன்ற இளைஞன்தான். சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு என்று எண்ணி இணையத்தில் வாங்கியிருந்தான். கோர்ட்டில் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றான்.

2012 ஜூலையில் 2சி வகையில் மேலும் 9 பொருள்களை அமெரிக்கா ஒரே சட்டத்தில் தடை செய்தது. ஆனால் வியாபாரி அதற்குள் வேறு சாவியைத் தேடிக்கொண்டுவிட்டான்.

சாக்லெட்டில் வந்த சாவு

அந்தச் சாவி பெர்லினில் செய்யப்பட்டது. ரால்ப் ஹைம் என்ற ஆராய்ச்சியாளர், 2003-ல் முடித்த தம் ஆராய்ச்சியில் 2சி பொருள்களின் வால் நுனியில் இன்னொரு வளையத்தை ஒட்டிப் பார்த்தார். செரோட்டோனின் பூட்டில் அது இறுகப் பிடித்துக்கொண்டது. முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு வேகம்! "என்-போம்" என்று இந்த வகைக்குப் பெயர். மூளையின் பூட்டு எங்கே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு அருமையான கருவி கிடைத்தது.

2010-க்குப் பிறகு அது இணையக் கடைகளில் தலைகாட்டியது.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. உப்பில் சில பரல் அளவு போதும். அதுவே மனிதனைக் கவிழ்த்துவிடும். சமையலில் உப்பு ஒரு கை கூடினால் குழம்புதான் கெடும். இங்கே கண்ணுக்குத் தெரியாத துளி கூடினால் உயிர் போகும். வீட்டில் வைத்து இதை அளக்க எந்தத் தராசும் உதவாது.

வட டகோட்டா மாகாணத்தில் கிராண்ட் போர்க்ஸ் என்று ஒரு நகரம். ஆற்றுக்கு அக்கரையில் கிழக்கு கிராண்ட் போர்க்ஸ். 2012 ஜூன் மாதம் சில நாள் இடைவெளியில் இங்கே ஒரு பிள்ளையும் அங்கே ஒரு பிள்ளையும் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 18. மற்றவருக்கு 17. தூளை உருக்கிய சாக்லெட்டில் கலந்து கைமாற்றியிருந்தார்கள். சாக்லெட்டின் ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த துண்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

2012 மார்ச்சில் இருந்து 2013 ஆகஸ்டு வரை 15 முதல் 29 வயதுக்குள் குறைந்தது 19 பேர் இந்த வகையால் இறந்ததாக அமெரிக்கப் போதைத் தடுப்பு இலாகா அறிவித்தது. அமெரிக்கா உடனே தடை போட்டது. 2015-ல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப் பொருள் கமிஷன் என்-போம் வகையில் மூன்றை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது.

இதே பொருளுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் டாக்டர்கள் என்-போம் ஒன்றில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, மிக மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். மயக்கம் எதுவும் வராத அளவு. அது மூளைக்குப் போய்ப் பூட்டுகளில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே ஒட்டியது என்று இயந்திரம் படம் பிடிக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையை அறுக்காமல், அந்தப் பூட்டுகளை எண்ணிவிடுகிறார்கள்! கிராண்ட் போர்க்சில் பிள்ளைகளைக் கொன்ற வகையும் இதுவேதான்.

ரோஜா நிறத் தூள்

இப்போது இந்தக் கதையில் ஒரு வேடிக்கை சேர்ந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுப் பணக்கார விருந்துகளில் 2சி-பி ஒரு காலத்தில் பெயர் வாங்கியது. "டூ-சி" என்ற உச்சரிப்பு அங்கே "தூசி" ஆயிற்று. ரோஜா நிறச் சாயம் கலந்த தூளாக அது விற்கப்பட்டது. பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

அதிகாரிகள் கைப்பற்றிப் பரிசோதித்தபோது என்ன இருந்தது? பெரும்பாலும் கெட்டமின் என்ற மயக்க மருந்தும் எக்ஸ்டசியும் கலந்த கலவை. வேறு என்னென்னவோ. பல மாதிரிகளில் 2சி-பி மருந்துக்குக்கூட இல்லை! பெயரும் சாயமும் மட்டும் மிச்சம்.

இதனால் அதிகம் திண்டாடுபவர்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்தகப்பன் "இவன் தூசி சாப்பிட்டானாம்" என்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து டாக்டர் எதையும் முடிவு செய்ய முடியாது. 2சி வகைக்கும் என்-போம் வகைக்கும் முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. கொதிக்கும் உடலைக் குளிர வைக்க வேண்டும். வலிப்பை அடக்க வேண்டும். ஓடும் இருதயத்தைத் தணிக்க வேண்டும். எல்லாம் சீக்கிரம் நடக்க வேண்டும்.

அதனால் டாக்டர்கள் கேட்பது ஒன்றுதான். தூங்கினால் தெளிந்துவிடும் என்று வீட்டில் போட்டு வைக்காதீர்கள். போலீசுக்குப் பயந்து கதை சொல்லாதீர்கள். மிச்சம் இருக்கும் தூளோ, மாத்திரையோ, அது வந்த காகிதமோ கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள்.